சிப்பிப்பாறை நாயோடு கொடைக்கானல் மலையில் நடக்கப் போகிறோம், எங்கே போகலாம்?

மின்னல் வீடு, மதுரை:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு நானும் கணவரும் ஒரு வாரம் கொடைக்கானல் போகலாம் என்று இருக்கிறோம். ஏரியைச் சுற்றுவது, கடைத்தெரு, சாக்லேட் இதெல்லாம் வேண்டாம், காலையில் கிளம்பி மதியம் வரை கால் வலிக்க நடக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். கூடவே மின்னலையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. சிப்பிப்பாறை, பெண், மூன்று வயது, பதினெட்டு கிலோ இருப்பாள். பகலெல்லாம் தண்ணீர்த் தொட்டி நிழலில் சுருண்டு கிடப்பாள், விடியற்காலையில் வைகை மணலில் அவிழ்த்துவிட்டால் கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வருவாள்.

நாய்களைத் தங்கவைக்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போ என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். முன்பு ஒருமுறை விட்டோம், நாங்கள் திரும்பி வரும்வரை சோற்றைத் தொடவே இல்லை, விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இந்த முறை யோசிக்கிறோம்.

நாயோடு நடக்க விடுகிற பாதை எது? டால்பின் நோஸ், பேரிஜம் ஏரி இரண்டும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன. வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது வளைவுகளில் வாந்தி எடுப்பாளா, மருந்து கொடுக்கலாமா? ரோமமே இல்லாத உடம்பு, மேலே ஜனவரிக் குளிர் தாங்குமா? அட்டை, உண்ணி இதெல்லாம் எப்படி? கூட்டிக்கொண்டு போகாதே என்று சொல்வதாக இருந்தாலும் பரவாயில்லை, காரணத்தோடு சொல்லுங்கள்.

பழனிமலை நடையன்:

பேரிஜத்தை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் சகோதரி. அது கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. 2013இல் அறிவித்தார்கள், 600 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஊரைச் சுற்றி நீங்கள் பார்க்கும் காட்டில் பெரும்பகுதி அதற்குள்தான் வரும். அங்கே மனிதர்களுக்கே வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ளே விடுவார்கள், வளர்ப்பு நாயோடு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிரெக்கிங் பாதைகளும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பது குற்றம். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை ஆன்லைனில் திறந்துவிட்டது, வழிகாட்டியோடு போகலாம், ஆனால் நாய்க்கு அங்கே வேலை இல்லை. "நான் கூட்டிக்கொண்டு போகிறேன், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று பஸ் ஸ்டாண்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள், மாட்டினால் அபராதம் உங்களுக்குத்தான்.

டால்பின் நோஸ் என் கணக்கில் வேண்டாம். வட்டக்கானலிலிருந்து இறங்கும் பாதை முழுக்க மர வேர், ஈரமானால் வழுக்கும், வார இறுதியில் ஆள் மேல் ஆள் ஏறி நடக்கிற கூட்டம், அங்கே சுற்றுகிற ஊர் நாய்கள் வேறு. கடைசியில் இருக்கிற பாறை நீட்டிக்கொண்டிருக்கும், கீழே பள்ளத்தாக்கு. ஒரு குரங்கைப் பார்த்து உங்கள் மின்னல் பாய்ந்தால் கயிற்றைப் பிடித்திருக்கும் கணவருக்கும் ஆபத்து.

சரி, எங்கே போவது? மேல்மலைக் கிராமங்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி. பூம்பாறையில் தங்கினால் ஊரைச் சுற்றி படிக்கட்டு வயல்கள், பூண்டு, கேரட், உருளை, பீன்ஸ், இவற்றுக்கு நடுவே வண்டித்தடமும் ஒற்றையடிப் பாதையும் கிலோமீட்டர் கணக்கில் போகும். காலை எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் வயலில் ஆட்கள் இருப்பார்கள், அதுவே பெரிய பாதுகாப்பு. வரப்பில் நடக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள், பாத்தியில் நாய் இறங்கினால்தான் கோபம் வரும். மூட்டை சுமக்கும் குதிரைகள் எதிரே வந்தால் நீங்கள் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். மன்னவனூரில் மத்திய அரசின் ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அந்தப் புல்வெளியைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும், ஆனால் ஆடு மேய்கிற இடத்துக்கு வேட்டை நாயைக் கொண்டுபோகவே கூடாது. வயல் ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள், பூச்சிமருந்து அடிக்கிற காய்கறி வயல்கள் அவை.

காட்டுமாடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். கொடைக்கானலில் அது ஊருக்குள்ளேயே நடக்கும், மனிதர்களுக்குப் பழகியது, நாம் பேசாமல் விலகினால் அதுவும் பேசாமல் மேயும். நாய் குரைத்தால் நிலைமை மாறிவிடும். தலையைத் தாழ்த்தி ஒரு சீறல் விடும், பனிமூட்டத்தில் சில நேரம் அந்தச் சீறல்தான் முதலில் காதில் விழும். நாய் என்ன செய்யும்? கொஞ்சம் குரைத்துவிட்டு நேராக எஜமானிடம் ஓடி வரும், பின்னாலேயே ஒரு டன் எடையுள்ள மாடும் வரும். அதனால் வளைவு தெரியாத இடத்தில் கயிற்றைக் கையில் சுருட்டிக் குட்டையாகப் பிடியுங்கள். மாடு தெரிந்தால் முதுகைக் காட்டாமல் வந்த வழியே பின்வாங்குங்கள், அது போகும்வரை காத்திருங்கள், போகவில்லை என்றால் அன்றைய நடை அவ்வளவுதான். மாலை ஐந்துக்கு மேல் நடக்க வேண்டாம்.

கோவை பைரவி:

நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன், மருத்துவர் இல்லை, ஆனால் மலைக்குப் போய்விட்டு வந்து காய்ச்சலில் படுக்கிற நாய்களை நிறையப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் தடுப்பூசி. ரேபிஸ் போட்டிருப்பீர்கள். எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் சேர்ந்ததா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள், இல்லை என்றால் இப்போதே ஆரம்பியுங்கள், முதல் தடவை போடும்போது 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும், கிளம்பும் வாரத்தில் ஓடி வந்தால் பயன் இல்லை. அடுத்து உண்ணி. ஜனவரியில் மழை ஓய்ந்து அட்டை குறைந்திருக்கும், ஆனால் உண்ணிக்கு அது பொருட்டே இல்லை. வாயில் போடும் மாத்திரைகள் இருக்கின்றன, ஃப்ளூரலனர் என்றால் சுமார் 12 வாரம், அஃபாக்சோலனர் என்றால் ஒரு மாதம் தாங்கும். எடையைப் பார்த்து டாக்டர் தருவார், வலிப்பு வந்த நாய் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரை கொடுத்தாலும் தினமும் நடை முடிந்ததும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். காது மடலின் உள்பக்கம், கால் விரல் இடுக்கு, அக்குள், வாலடி, கழுத்துப் பட்டையின் கீழ். சிப்பிப்பாறைக்கு ரோமம் குட்டை, மிளகு அளவு இருந்தாலும் விரலில் தட்டிவிடும். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது, ஊர் திரும்பி ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துச் சோறு குறையும், ஈறு வெளுக்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். அப்போது "மலைக்குப் போய் வந்தோம்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அந்த ஒரு தகவலில் பரிசோதனை சீக்கிரம் நடக்கும்.

அட்டை காலில் ஏறினால் பெரிய விஷயம் இல்லை, உப்புத் தண்ணீர் விட்டால் தானே விழும், பிய்த்து இழுக்காதீர்கள். மூக்குக்குள் போகிற அட்டைதான் தொல்லை. நாய் ஓடைத் தண்ணீரில் மூக்கை வைத்துக் குடிக்கும்போது குட்டி அட்டை உள்ளே ஏறிவிடும், உள்ளேயே இருந்து ரத்தம் குடித்து வளரும். நாய் ஓயாமல் தும்மும், ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் கசியும். வீட்டில் எதையும் விட்டு நோண்டாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இதைத் தவிர்க்க ஒரே வழி, தண்ணீரும் கிண்ணமும் நீங்களே சுமப்பது.

கார் பயணம்: கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள், வளைவுகளில் மெதுவாக, இடையில் நிறுத்தி இறக்கி நடக்கவிடுங்கள். நாய்களுக்கென்றே மரோபிடன்ட் என்ற வாந்தி மருந்து இருக்கிறது, டாக்டர் அளவு சொன்னால் கிளம்ப இரண்டு மணி நேரம் முன் கொடுக்கலாம். நமக்கு வாங்குகிற மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். முக்கியமாக மயக்க மருந்து வேண்டவே வேண்டாம், இந்த மாதிரி கொழுப்பே இல்லாத ஒல்லி உடம்பு நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் சீக்கிரம் தெளியாது.

குளிரை விட வெயிலுக்குத்தான் நான் பயப்படுவேன். மேலே காற்று ஜில்லென்று இருப்பதால் நமக்கு உறைக்காது, பதினோரு மணி வெயில் நல்ல வெயில். நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், ஆசையில் ஓடிக்கொண்டே இருக்கும். நாக்கு நீண்டு தொங்கி, எச்சில் கொழகொழவென்று வழிந்து, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தடுமாறினால் அங்கேயே நிழலில் படுக்கவைத்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், அப்புறம் மருத்துவர். நாயின் சாதாரண உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 105ஐத் தாண்டினால் உயிர் ஆபத்து.

இன்னொன்று பாதம். வைகை மணலில் ஓடுகிற கால், கல்லும் சரளையும் தாங்காது. இன்னும் நாள் இருக்கிறது, நாகமலை அடிவாரம் மாதிரிக் கரடுமுரடான இடத்தில் வாரம் இரண்டு மூன்று தரம் நடத்திப் பழக்குங்கள். பாதம் தடித்துவிடும்.

மின்னல் வீடு, மதுரை:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. பேரிஜமும் டால்பின் நோஸும் போயிற்று, பூம்பாறை என்று வைத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். மின்னல் கூப்பிட்டால் வந்துவிடுவாள், ஆற்றில் தினமும் வருகிறாள். ஆள் நடமாட்டமே இல்லாத புல்வெளியில் கொஞ்ச நேரமாவது அவிழ்த்து விடலாமா? முழு நாளும் கயிற்றிலேயே என்றால் அவளுக்கு என்ன சந்தோஷம் என்று கணவர் கேட்கிறார்.

சேத்தூர்க்காரன்:

விடக் கூடாது தங்கச்சி. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும்தான். ஆற்று மணலில் துரத்த எதுவும் இல்லை, அதனால் உங்கள் குரலுக்கு வருகிறது. இது மூக்கை நம்பும் நாய் இல்லை, கண்ணை நம்பும் நாய். எதிர்ச் சரிவில் ஒரு முயல் எழுந்து ஓடினால் காது அடைத்துவிடும், நீங்கள் கத்துவது அதற்குக் கேட்காது. தெரிந்த ஊர் என்றால் வழி கண்டுபிடித்து வீட்டுக்கு வந்துவிடும். மலையில் பனி இறங்கிய பிறகு அது எங்கே தேடி வரும்?

அப்புறம் இதையும் யோசியுங்கள். தென்மாவட்டத்தில் முயல், பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் கையில் இருப்பதும் இதே சிப்பிப்பாறை, கோம்பை இன நாய்கள்தான், வனக்காவலருக்கு அது நன்றாகத் தெரியும். லாப்ரடார் ஓடினால் டூரிஸ்ட் நாய் என்று விடுவார், காட்டோரத்தில் அவிழ்ந்து ஓடும் சிப்பிப்பாறையைப் பார்த்தால் வேட்டை என்றுதான் நினைப்பார். அது நிஜமாகவே ஒரு முயலைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

எனக்கு இன்னும் பெரிய பயம் அவுட்டுக்காய். பன்றி தொல்லைக்காகச் சில இடங்களில் திருட்டுத்தனமாக வைக்கிறார்கள், தீனிக்குள் வெடிமருந்து, கடித்தால் வெடிக்கும். யானையே வாய் சிதைந்து செத்திருக்கிறது. நாய் என்றால் தாடையே இருக்காது. சுருக்குக் கம்பியும் கட்டியிருப்பார்கள், வயலைச் சுற்றி மின்வேலியும் உண்டு. உங்கள் கையில் கயிறு இருந்தால் இதில் எதையும் அது நெருங்க முடியாது. கீழே கிடப்பதை வாயில் எடுக்காமல் இருக்க இப்போதிருந்தே பழக்குங்கள்.

கயிறு விஷயத்திலும் ஒன்று. இந்த இனத்துக்குக் கழுத்தை விடத் தலை ஒடுக்கம். கடையில் விற்கும் சாதாரணப் பட்டையைப் போட்டால், மிரண்டு பின்னால் இழுக்கும்போது தலை உருவிக்கொண்டு வந்துவிடும், பட்டை மட்டும் கையில் இருக்கும். இழுத்தால் இறுகுகிற அகலப் பட்டை ஒன்று, மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, இரண்டையும் போட்டு இரண்டிலும் கயிறு கோத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளி வந்தால் முப்பது அடி நீளக் கயிறு போடுங்கள், உங்களைச் சுற்றி வட்டமடித்து ஓடட்டும், மோந்து பார்க்கட்டும், அதற்கு அது போதும். ஆனால் நீளக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், முழு வேகத்தில் ஓடி முடிவில் வெட்டி இழுத்தால் விரல் போய்விடும், அதற்கும் கழுத்து போய்விடும். நீளக் கயிறு ஹார்னஸில் மட்டும்தான். உங்கள் வீட்டுக்காரர் சந்தோஷம் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி, புது இடத்தை மோந்து பார்த்துக்கொண்டு உங்களோடு நடப்பதே அதற்குச் சந்தோஷம்தான்.

சோலைக்குருவி:

காரணத்தோடு சொல்லுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். பறவை பார்க்கப் பல வருடமாக அந்த மலைக்குப் போகிறேன், சோலைக்காட்டு ஓரம் வரைக்கும்கூட நாய் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயந்து ஓடும் மான் பற்றி மட்டும் சொல்லவில்லை. டிஸ்டம்பர், பார்வோ இரண்டும் வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்கும் மற்ற காட்டு உயிர்களுக்கும் போகக்கூடிய நோய்கள். பார்வோ கிருமி நாய் மலத்திலிருந்து மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி போட்ட நாய் என்றால் ஆபத்து குறைவு, ஆனாலும் மலத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவதை என்னால் ஏற்க முடியாது, அள்ளிக்கொண்டு வாருங்கள். பூம்பாறை வயல்வெளி, வண்டித்தடம், கயிற்றில் நாய் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. மரம் அடர்த்தியாக ஆரம்பிக்கும் இடம் வந்ததும் திரும்பிவிடுங்கள். இதை மட்டும் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏலக்காய்:

தங்குமிடம் பற்றி யாரும் சொல்லவில்லையே. "நாய்க்கு அனுமதி உண்டு" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், போனில் பேசுங்கள். நாய் அறைக்குள் தூங்கலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் வெளியே கட்டச் சொல்வார்கள், அப்படியென்றால் அந்த இடமே வேண்டாம். மலையில் சிறுத்தை ஊர்ப்பக்கம் வருவது நாயைத் தேடித்தான். வராந்தாவில் கட்டிப்போட்ட நாய் தப்பிக்கவும் முடியாது. இரவில் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றாலும் கயிற்றோடு, டார்ச்சோடு, இரண்டு பேருமாக வாசலுக்குப் பக்கத்திலேயே முடித்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். அந்த வீட்டில் வேறு நாய் இருக்கிறதா, கட்டியிருப்பார்களா அவிழ்த்து விடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள், அவர்கள் நாய்க்கு அது சொந்த இடம், முதல் நாளே சண்டை வந்தால் ஒரு வாரமும் வீண்.

ஜனவரி இரவில் 10 டிகிரிக்குக் கீழே சாதாரணமாகப் போகும், மேல்மலையில் இன்னும் குறையும். சிமென்ட் தரையில் படுக்கவிடாமல் தடித்த ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள், வயிற்றையும் மூடுகிற கம்பளிச் சட்டை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், நனைந்தால் மாற்ற இன்னொன்று. நடக்கிற நாட்களில் சாப்பாடு வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக, அதுவும் நடை முடிந்து மூச்சு அடங்கிய பிறகு. அவள் வழக்கமாகச் சாப்பிடுவதையே மதுரையிலிருந்து கொண்டுபோங்கள்.

வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வேண்டும், கட்டணம் இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மேலே கூடாது, ஸ்டீல் பாட்டில் எடுத்துப்போங்கள். கிளம்பும் முன் கொடைக்கானலில் கால்நடை மருத்துவர் எந்த நேரம் இருப்பார் என்று விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பூம்பாறையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் இரவில் பனி இறங்கினால் அந்த ரோட்டில் வண்டி ஊர்ந்துதான் போகும்.

மின்னல் வீடு, மதுரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அவிழ்த்து விடுவதில்லை என்று கணவரும் ஒத்துக்கொண்டார், அவுட்டுக்காய் பற்றிப் படித்த பிறகு அவரே ஹார்னஸ் தேட ஆரம்பித்துவிட்டார். எலிக்காய்ச்சல் ஊசி நாளைக்கே. சோலை ஓரம் வந்ததும் திரும்பிவிடுவோம், சத்தியம். கடைசியாக ஒன்று, திரும்பும்போது பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் இறங்கி காபித் தோட்டத்தில் ஒரு நாள் தங்கலாமா? குளிரும் குறைவாக இருக்குமே.

பழனிமலை நடையன்:

தாராளமாகத் தங்கலாம், தோட்டச் சாலைகள் நாய்க்கு நல்ல நடை, நிழலும் உண்டு. ஆனால் அந்தப் பக்கமும் பேத்துப்பாறைப் பக்கமும் யானை வரும், காட்டுமாட்டுக்குச் சொன்ன எதுவும் யானையிடம் செல்லாது. அதனால் நடக்கப் போகும் அன்று காலையில் டீக்கடையில் கேளுங்கள், நேற்று இரவு எந்தத் தோட்டத்தில் நின்றது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பக்கத்துத் தோட்டம் என்று சொன்னால் மின்னலை வெளியே எடுக்காதீர்கள், காரில் ஏற்றி நேராக வத்தலக்குண்டு இறங்கிவிடுங்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னால் தோட்டத்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பலாவும் வாழையும் நிற்கிற பகுதியை விட்டு விலகியே நடங்கள்.